பாட்டில் பையிலேயே இருக்கட்டும்

இல்ல தம்பி, அந்தப் பூச்சி மருந்து பாட்டில வெளிய எடுக்காதீங்க. பையிலயே இருக்கட்டும். ஜிப்ப மூடிடுங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, மொதல்ல உக்காருங்க. எங்க வூட்டுக்காரரு டீ வாங்கத்தான் போயிருக்காரு. அந்தக் கடையில கூட்டமாத்தான் இருக்கும், வர கொஞ்சம் நேரமாவும். அதுக்குள்ள நாம பேசிக்கலாம்.

ஐயோ, அந்த ஸ்டூலு வேணாம், காலு ஆடும். இந்தப் பொட்டி மேல உக்காருங்க. உள்ள பொம்மதான். எல்லாம் சூளையில மூக்கு போனது, கையி போனது. விக்காதுன்னு நான் வேல செய்யுற பொம்ம கம்பெனியில ஒதுக்குனத கேட்டுக் கொண்டாந்தேன். நீங்க விக்கிறீங்களே, மண்ணில்லாம கொழாத் தண்ணியில செடி நிக்கிறதுக்கு களிமண் உருண்ட, அதுக்கு பதிலா இதைத்தான் சில்லு சில்லா ஒடச்சி கப்புல போட்டு வெச்சிருக்கேன். பூச்சு போடாத மண்ணுதான், செடிக்கு ஒண்ணும் செய்யாது. தோ அந்தக் கொழாயில வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, அது பிள்ளையாரு காது. சிரிங்க, பரவால்ல. அவரு ஒவ்வொரு தரமும் அதப் பாத்துச் சிரிப்பாரு. அந்தச் செடி மட்டும் சொன்னத கேக்கும்பாரு.

எனக்கு என்னா வேணும்னா, அவரு வந்தப்பறம் நீங்க ரெண்டே ரெண்டு விஷயம் பாத்துக்கணும். ஒண்ணு, மருந்து அடிக்கணும்னு சொல்லக் கூடாது. இன்னொண்ணு, செடியெல்லாம் அவரு கையால கெட்டுதுன்னு சொல்லக் கூடாது. தண்ணியில உப்பு ஏறிடுச்சின்னு சொல்லுங்க. அது பொய்யில்லியே? நீங்களே இப்பதான மீட்டர விட்டுப் பாத்துச் சொன்னீங்க.

ஆமாம், பொடியப் போட்டது அவருதான். எனக்கும் தெரியும். நீங்க தொட்டிக்குள்ள கைய வுட்டு, அந்தக் கருப்புச் சேத்த எடுத்து மோந்து பாத்து, என்னா போட்டீங்கன்னு அவரயே கேட்டுட்டீங்க. நல்ல வேள, டீ வாங்கியாறன்னு கெளம்பிட்டாரு.

அது எப்பிடி ஆச்சின்னா, போன தரம் உங்க ஆபீஸ்லேர்ந்து வந்த சாரு ஒரு பாட்டிலு குடுத்தாரு. ஹியூமிக் ஆசிட்டு. தண்ணியில கொஞ்சூண்டு கலந்து வுட்டா, சத்து உப்ப வேரு நல்லா இழுக்கும்னாரு. உண்மதான், வேரு பாக்கணுமே, வெள்ள வெளேர்னு இடியாப்பம் மாதிரி எறங்கிச்சி. இவரு சும்மா இருப்பாரா, இது எதுலேர்ந்து எடுக்குறதுன்னு அந்த சாரக் கேட்டாரு. பழுப்பு நிலக்கரியிலேர்ந்துன்னாரு அவரு.

உங்களுக்கு எந்த ஊரு? திருச்சியா. அப்ப தெரியாது. இவருக்கு கம்மாபுரம் பக்கம். கொல்ல, அதான் பயிரு வெக்கிற நெலம், மோட்டாரு கொட்டாய், கெணத்து மேட்டுல ரெண்டு பலா மரம், எல்லாம் இருந்துது. பழுப்பு நிலக்கரி சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. எடுத்த பெறவுதான் இங்க விருத்தாசலத்துக்கு வந்தோம். நான் பொறந்தது இங்கதான், மண்ணு வேல செய்யுற குடும்பம், அதால எனக்கு பீங்கான் கம்பெனியில வேல கெடச்சிது. அவருக்கு என்னா வேல கெடைக்கும்? பயிரு வெக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது.

அந்த சாரு பழுப்பு நிலக்கரின்னதும் பாட்டில கையில வெச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் சிரிச்சிக்கிட்டே சொல்றாரு, அன்பு, நம்ம கொல்லைக்கு அடியில கெடந்ததுதான் மூடி போட்டு வருதுன்னு. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கல. ஆனா அன்னையிலேர்ந்து அந்தக் கருப்புத் தண்ணி மேல அவருக்கு ஒரு பிரியம். கலக்கும்போது யாரையும் தொட வுட மாட்டாரு.

அப்பறம் ஒரு நாளு என்னக் கூட்டிக்கிட்டுப் போவ கம்பெனிக்கு வந்தாரு. நாங்க மண்ண பாலு மாதிரி கரைச்சி அச்சுல ஊத்துவோம். கெட்டியா இருந்தா அச்சுக்குள்ள ஓடாது, அதுக்கு ஒரு கருப்புப் பொடி போடுவாங்க. போட்டா மாவு நல்லா எளகி ஓடும். எங்க மேஸ்திரி பச்சமுத்து அண்ணன் அதப் போட்டுக்கிட்டு இருந்தாரு. இவரு, இது என்னா பொடிண்ணேன்னு கேக்க, ஹியூமேட்டுன்னு அவரு சொல்ல, எதுலேர்ந்து வருதுன்னு இவரு கேக்க, எல்லாம் பழுப்பு நிலக்கரிதான்டான்னு அவரு சொல்ல. முடிஞ்சிது. ஒரு கேரி பேக்குல வாங்கி சட்டக்குள்ள வெச்சிக்கிட்டு வந்துட்டாரு. என்கிட்ட மூச்சு வுடல. பச்சமுத்து அண்ணனும் சொல்லல. அவரு ஒரு வாயாடி. மண்ணுல பொம்ம செய்யுறா பொண்டாட்டி, மண்ணே இல்லாம பயிரு செய்யுறான் புருஷன், இது என்னாடா குடும்பம்னு கிண்டலு பண்ணுவாரு. அவருக்கு என்னா தெரியும், செடிக்குப் போடத்தான் கேக்குறாருன்னு.

ஓ, ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்து வந்தாலும் செடிக்குள்ளது பொட்டாசியம் போட்டது, எங்க கம்பெனியில உள்ளது சோடியம் போட்டதா, அதான் உப்பு ஏறிச்சா. இதெல்லாம் எங்களுக்கு எங்க தம்பி தெரியும். போட்டதும் மீட்டரு ஏறிச்சாம். சத்து ஏறுதுன்னு சந்தோஷப்பட்டாராம். பாத்தா எல ஓரமெல்லாம் கருவ ஆரம்பிச்சிது. அந்தப் புளிப்பு பாக்குற மீட்டரு ரொம்ப மேல போயிடுச்சின்னு, எலுமிச்ச உப்ப ஒரு டம்ளர்ல கரைச்சி ஒரே எடத்துல ஊத்தியிருக்காரு. ஊத்துன எடத்துல தயிரு மாதிரி திரிஞ்சி, எல்லாம் போயி வேருல ஒட்டிக்கிச்சி. வெள்ள வேரு கருப்பா ஆனத பாத்தப்ப, அவரு மூஞ்சியும் அப்பிடியே ஆயிப்போச்சி.

தண்ணி மாத்துனா பொழைக்கும்னீங்க இல்ல? மொத்தத்தையும் கொட்டிட்டு, கொழாயக் கழுவிட்டு, சத்து உப்ப பாதி அளவு மட்டும் போட்டு, அந்தக் கருப்பு ஆசிட்டு இல்லாம வுடணும். சரி, அத நான் பாத்துக்குறேன். வேர வேணா மெதுவா அலசி எடுத்து வைக்கிறேன்.

இந்த அசுவினிதான் ஒங்களுக்குக் கவல. தெரியுது. செடி வாடுனா பூச்சிக்குக் கொண்டாட்டம்தான். ஒரே ஒரு தெளிப்பு போதும்னு நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். எங்ககிட்ட வாங்குற பாண்டி ஓட்டல்காரங்க மருந்தடிச்ச கீர வேணாம்பாங்க.

வாசம் இல்லாத மருந்தா. எலையில தங்காதா. ம்.

இல்ல தம்பி, அப்பவும் வேணாம். நான் பிரஷ்ஷால எடுத்துடுறேன். பொம்மைக்குக் கண்ணு எழுதுற பிரஷ்ஷு வூட்ல நெறைய இருக்குது. நேத்து ஒரு கொழா முழுக்க அப்பிடித்தான் எடுத்தேன். கண்ணு எழுதற கைக்கு இது பெரிய வேலயா? சோப்புத் தண்ணியும் தெளிக்கலாம் இல்ல? எல்லாம் சாவாதுதான். பூச்சி சாவாத கொழாயில செடியப் புடுங்கிப் போட்டுடுறேன். அந்த லெட்டூஸ மாட்டுக்கு வெச்சா மாடே மூஞ்சத் திருப்பிக்கும், அது வேற விஷயம்.

நீங்களே அடிச்சிட்டு பாட்டில எடுத்துக்கிட்டுப் போயிடுறீங்களா. நல்ல மனசு ஒங்களுக்கு. ஆனா அவரு மருந்து பேரப் பாத்து வெச்சிப்பாரு. அடுத்த தரம் பூச்சி வந்தா, நீங்க திருச்சியிலேர்ந்து வர வரைக்கும் காத்திருப்பாரா? கடைத்தெருவுல போயி அவரே வாங்கியாந்துடுவாரு. அப்பறம் அது வூட்ல ஒரு மூலையில இருக்கும். மிச்சம் இருக்குதே, வீணாவுதேன்னு எடுத்து வெப்பாரு. வெவசாயி எவரும் மருந்த கொட்ட மாட்டாங்க.

எங்க வூட்ல எலிக்குக் கூட கூண்டுதான் வெக்கிறேன். புடிச்சிக்கிட்டுப் போயி ஏரிக்கரையில வுட்டுட்டு வரேன். எலிக்கும் மாப்ள மரியாதையான்னு இவரு சிரிப்பாரு. பாத்ரூமு கழுவ சோப்புத் தூளுதான். கறை போவாது, போவாட்டி என்னா.

என்னா தம்பி அப்பிடிப் பாக்குறீங்க?

ஒண்ணுமில்ல, பழசு. சுரங்கத்துக்காரங்க நெலத்த அளந்து கல்லு நட்டு முடிச்சப்பறம், கெணத்து மேட்டுல மோட்டாரு கொட்டாயில நெல்லுக்கு அடிச்ச மருந்து மிச்சம் இருந்துது. மத்த சாமானெல்லாம் நாங்க வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தோம். அவரு மட்டும் கொட்டாய்க்குள்ள போனாரு.

ஆஸ்பத்திரியில பொழச்சிக்கிட்டாரு. ரொம்ப நாளு அங்கயே கெடந்தோம். பக்கத்து படுக்கைக்காரங்க போன்ல இந்தக் கொழா வெவசாயம் ஓடிக்கிட்டு இருந்துது. நான் சும்மா பாத்தேன். அதுல ஒருத்தரு சொன்னாரு, இதுக்கு மண்ணும் வேணாம், மருந்தும் வேணாம்னு. மத்ததெல்லாம் எனக்குக் கேக்கவே இல்ல. மருந்து வேணாம்னு சொன்னது மட்டும்தான் காதுல வுழுந்துது. எல்லாரும் ஒடம்புக்கு நல்லதுன்னுதான் நாங்க இத ஆரம்பிச்சோம்னு நெனைக்கிறாங்க. நானும் அப்பிடித்தான் சொல்றது.

தோ, வண்டி சத்தம். பைய அந்தாண்ட தள்ளி வைங்க, உங்க காலுக்குப் பின்னாடி. ஆங், அப்பிடியே.

வாங்க, இவ்ளோ நேரமா? சாரு சொல்லிக்கிட்டு இருந்தாரு, தண்ணியில உப்பு ஏறிடுச்சாம், வேற ஒண்ணுமில்லியாம். மாத்தி வுட்டா தானா துளிர்க்குமாம். பூச்சிக்குக் கூட சோப்புத் தண்ணியே போதுமாம். சொல்லுங்க சார், நீங்களே சொல்லுங்க.