தாலிக்கொடியில் கிடந்த சேலைப்பின்

“இருநூற்றைம்பது வருசத்துச் சட்டைக்கு நான் பின் குத்திப்போட்டன்.”

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பஸ் ஏறியதும் என் முன் இருக்கையில் ஓர் அக்கா தன் தங்கையிடம் இப்படிச் சொன்னார். பழைய பிரபு மாளிகை ஒன்றில், காட்சிக்கு வைத்த உடுப்புகளுக்குக் காவல் நிற்பவராம். நான் போனில் எதையோ படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். திரை அணைந்தே கிடந்தது.

“உனக்கென்ன விசரே அக்கா? தொடவே கூடாதெல்லோ.”

“பொம்மையிலை நெஞ்சுப் பக்கம் வழுகிக்கொண்டு நிண்டது. சனம் வரப்போகுது. கை தன்பாட்டிலை தாலிக்கொடிக்குப் போயிட்டுது. அதிலைதானே சேலைப்பின் கொழுவியிருக்கிறன்.”

“பொம்மையின்ர மானத்தைக் காப்பாத்தினியாக்கும்.”

“பகிடி விடாதை. இண்டைக்குத் துணி நிபுணர் வந்து பாக்கிறா. புது ஓட்டை விழுந்திருந்தா வேலை போச்சு.”

“நீதான் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“பின்னைக் கண்டிட்டு என்னோடை நிக்கிற போலந்துப் பிள்ளையை விசாரிச்சவை. அது அழுதுது. காலமை நானே போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்.”

அப்போது அக்காவின் போன் அடித்தது. தங்கை அவர் கையை இறுகப் பிடித்தாள். அக்கா “யெஸ், யெஸ்” என்று மட்டுமே சொன்னார். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனது. இறங்க மனம் வந்தால்தானே.

“என்னவாம்?”

“இனித் தொடக்கூடாதெண்டு கடிதம் தருவினமாம். வேலை இருக்காம்.”

“அப்ப ஓட்டை?”

“அந்தக் காலத்திலை அந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லையாம், பின்தானாம் குத்திறது. சட்டைக்குச் சொந்தக்காரி குத்தின அதே ஓட்டைக்குள்ளாலைதான் என்ரயும் போயிருக்காம்.”