காவக்காரரின் சாண்

பதுளைக் கடைத்தெருவில் பசறை வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் கூடையோடு நின்ற தோட்டத்துப் பெண், லுணுகலைப் பக்கத்திலிருந்து வந்த தன் தோழியிடம் சொன்னாள்:

“எங்க கொளத்துல மீனு வளரல. அதான் காவக்காரர மாத்தணும்னு கங்காணிகிட்ட கேக்கப் போறேன்.”

நான் திரும்பாமல் காதை மட்டும் கொடுத்தேன்.

“மீனு வளராததுக்கு அவரு என்னக்கா பண்ணுவாரு?”

“தொரை சட்டம் போட்டிருக்காரு. ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு ரெண்டு மீனு. சாணுக்குக் கொறஞ்சா தண்ணியில விட்டுறணும். காவக்காரரு தன் கையாலதான் சாண் போடுவாரு. அந்தக் கைய நீ பாக்கணும், மொறம் மாதிரி! மக புள்ள பெத்துக் கெடக்கா. கொழம்புக்கு ஒரு மீனு இல்ல.”

“முன்னாடி கெடச்சுதா?”

“பெரிய பெரிய விராலு! எல்லாத்தையும் நாங்கதான் தின்னு தீத்தோம். இப்பக் கொளம் பூரா பொடிக் கெண்டை. எரை பத்தாம எலும்பும் தோலுமா நீந்துது.”

“அந்தப் பொடிய அப்ப எது தின்னுச்சு?”

“விராலுதான்.”

வண்டி வந்தது, மூவரும் ஏறினோம். கூடைக்காரி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டு தோழியிடம் சொன்னாள்.

“சட்டத்த மாத்தச் சொல்றேன். விராலு தின்ன பொடிய இனி நாங்க எடுத்துக்கிறோம், மிச்சத்துக்கு எரை பத்தும். சாணுக்கு மேல இருந்தா தண்ணியில விடட்டும்.”

“காவக்காரரு?”

“அவரே இருக்கட்டும். அந்தப் பெரிய கைதான் இனிமே எங்களுக்கு வேணும்.”