யாருக்கும் வைக்காத பெயர்

தொம்...

தேங்காய்தான். யாரும் எழுந்திருக்க வேண்டாம். கிளைட், முதலில் அந்த டார்ச்சை அணை. ஆமை கரையேறுகிற நேரத்தில் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். ஆமைக் காவலுக்கு வந்துவிட்டு இருட்டுக்குப் பயந்தால் எப்படி? பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் முன் அது தோள்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆமை வரும்வரை ஒன்று சொல்கிறேன். என் நண்பன் அன்செல்மின் அண்ணிக்கு நடந்தது. அவனை வளர்த்த அத்தை என் அம்மாவிடம் சொன்னாள். அன்செல்மிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவான்.

சாயங்காலம் ஆறு மணி. நம் ஊருக்கு வரும் அந்த மலைச் சாலை. டிரினிடாடின் வடகரையில் நம் செலஸ்டின்தான் கடைசி ஊர். நமக்கு அப்புறம் சாலையே கிடையாது. அந்த வருடம் கடைசி வளைவில் மண் சரிந்து கிடந்தது. வேன்காரன் அங்கேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். அந்த அண்ணி, லிஸ்ட்ரா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு முன்னால் அவள் மகன், ஐந்து வயதுப் பொடியன், கல்லை உதைத்துக்கொண்டே ஓடினான்.

லிஸ்ட்ரா சான் ஃபெர்னாண்டோக்காரி. அங்கே பெண்களுக்கு முடி பின்னிவிடும் கடை வைத்திருந்தாள். அன்செல்மின் அண்ணன் ஹோலிஸ் அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். அது ஃபிலோ அத்தைக்குப் பிடிக்கவில்லை. தாயில்லாத இரண்டு பையன்களையும் வளர்த்தவள் அவள்தான். கல்யாணத்துக்கே போகவில்லை. பேரப்பிள்ளை பிறந்தும் போய்ப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான், வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஹோலிஸுக்கு நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை. அவன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அதுவரை லிஸ்ட்ரா தனியாகச் சமாளிக்க வேண்டும்.

அவள் ஒரு முடிவோடுதான் வந்தாள். அத்தை வாயில் ஒரு குறை வரக்கூடாது. ஊர் வழக்கம் எதிலும் தப்பக்கூடாது. எதிரில் யார் வந்தாலும் வணக்கம் சொல்லாமல் தாண்டக்கூடாது என்று ஹோலிஸ் சொல்லியிருந்தான். அவள் வழியெல்லாம் சொன்னாள். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கழுதைக்குக்கூடச் சொன்னாள் என்று இன்றைக்கும் சிரிப்பார்கள்.

வீட்டு வாசலுக்கு வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. பையன் வேலியைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் ஓடினான். அவனைக் கூப்பிட லிஸ்ட்ரா வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஃபிலோ அத்தை அவளிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"பேரச் சொல்லாதம்மா. உள்ள வா. உள்ள வந்து சொல்லு."

கதவைச் சாத்திய பிறகுதான் பெயரைக் கேட்டாள். ஜாரெல். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று அடுத்த கேள்வி. ஆறாம் மாதமே ஆகிவிட்டது என்றதும் கிழவியின் முகம் கொஞ்சம் இளகியது. கொக்கோ காய்ச்சிக் கொடுத்தாள். பொரித்த ரொட்டியும் கருவாடும் வைத்தாள். அப்புறம் விளக்கைத் தணித்துவிட்டுச் சொன்னாள்.

நமக்குத் தெரிந்ததுதான். தலையில் தண்ணீர் விழும் முன்பே செத்துப்போன குழந்தைகள்... அவற்றை என்ன சொல்லி அழைப்போம் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அவற்றுக்குப் பெயர் கிடையாது. பெயருக்காகத்தான் அலைகின்றன. பொழுது சாய்ந்தபின் வெளியே ஒரு பிள்ளையின் பெயர் காதில் விழுந்தால் போதும், மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் தாயின் குரலிலேயே அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் காட்டுக்குள் கூப்பிடும். பாதம் திரும்பியிருக்கும், குதிகால் முன்னால், விரல் பின்னால். அதனால் தடம் பார்த்துத் தேடிப் போனாலும் நீ எதிர்த்திசையில்தான் போவாய்.

அதனால்தான் நம் ஊரில் இருட்டியபின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கை தட்டுவோம். 'டேய் பையா' என்போம். இல்லையென்றால் போய்க் காதைத் திருகி இழுத்து வருவோம். அதேபோல், இருட்டில் வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் திரும்பி நின்று, பின்பக்கமாக நடந்துதான் உள்ளே வருவோம். பின்தொடர்ந்து வருவது வாசலோடு நின்றுவிடும்.

தன் ஊராக இருந்தால் லிஸ்ட்ரா சிரித்திருப்பாள். அத்தையின் வீட்டில் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

என்ன கிளைட்? ரம் குடித்திருந்தாளா என்றா கேட்கிறாய்? இல்லை. அந்த வீட்டில் கொக்கோ மட்டும்தான். நீ குடித்ததை வைத்து மற்றவர்களை எடைபோடாதே.

மறுநாள் சாயங்காலம் தாயும் பிள்ளையும் கடற்கரைக்கு வந்தார்கள். இதே கரைதான். அத்தைக்கு முழங்கால் வலி, அவள் வரவில்லை. சூரியன் தண்ணீரைத் தொடும் நேரம்... பூஊஊ என்று சங்கு ஊதியது. கரைவலைக்காரர்களின் சங்கு. வலை நிறைந்துவிட்டது, ஆள் வேண்டும் என்று அர்த்தம். வீடுகளிலிருந்து எல்லோரும் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

லிஸ்ட்ராவும் பிடித்தாள். வலை இழுத்தால் பங்கு மீன் கிடைக்கும். தன் கையால் இழுத்த மீனை அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் மகனைத் தூக்கி உட்கார வைத்தாள். கையில் ஒரு மாம்பழத்தைக் கொடுத்தாள். மம்மி கூப்பிடுகிறவரை இறங்கக் கூடாது என்று சொன்னாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சரி என்று தலையாட்டினான்.

கயிற்றில் அவளுக்கு முன்னால் நின்ற கிழவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"மெதுவா இழு தாயி. இது வலை, சடை இல்ல."

"வலையில சிக்கு விழுந்தா சொல்லுங்க, எடுத்துத் தர்றேன். உங்க தலையில எடுக்கத்தான் ஒண்ணும் இல்ல," என்றாள் அவள்.

கரையே சிரித்தது. அவளுக்கு முதல்முறையாக அந்த ஊரில் மூச்சு லேசானது. இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. வலை கனத்துக் கனத்து மேலே வந்தது. வெள்ளி வெள்ளியாக மீன் மணலில் துள்ளியது. எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள்...

நிமிர்ந்தபோது இருட்டிவிட்டது. நம் ஊர் இருட்டு உங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொண்டு வராது.

திரும்பிப் பார்த்தாள். கவிழ்ந்த படகுகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் ஒரே கறுப்பு. எந்தப் படகு என்று தெரியவில்லை. கை தட்டினாள். அலைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. 'டேய் பையா' என்றாள். மீன் பொறுக்கிக்கொண்டிருந்த நாலைந்து பையன்கள் "என்ன ஆன்ட்டி?" என்றார்கள். அவர்களில் அவன் இல்லை.

மகனின் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. வலைப்பக்கம் இருந்த பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு தடவை பெயரைக் கத்தினால், மீன் பங்கு பிரிவதற்குள் அத்தையின் காதுக்குப் போய்விடும். அதைவிட... இரவு அத்தை சொன்னதும் நெஞ்சில் இருந்தது. பெயரை விழுங்கினாள்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. என் குரல் அவனுக்குத் தெரியும். எந்தப் பெயரைச் சொன்னாலும் குரலை அடையாளம் கண்டு வருவான். ஆனால் ஊரில் வேறு பிள்ளைக்கு இருக்கும் பெயராக இருந்துவிடக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நல்ல மனசு அவளுக்கு. அதனால் யாருக்குமே வைத்திருக்காத, இந்தக் காலத்தில் யாரும் வைக்கவே வைக்காத ஒரு பெயரை யோசித்துப் பிடித்தாள்.

"பெர்சிவல்," என்று உரக்கக் கூப்பிட்டாள்.

ஒரு அலை வந்து போனது. அடுத்த அலை வரக் கொஞ்சம் நேரமானது.

"பெர்சிவல்... வா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

வந்தான்.

படகுகளின் பக்கமிருந்து இல்லை. அதோ, அந்த வாதாம் மரங்களுக்கு நடுவிலிருந்து. பார்க்காதீர்கள். காய்ந்த இலைமேல் நடக்கும் சரக், சரக் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் அவன். அவனே வந்து அவள் கையைப் பிடித்தான். சின்னக் கை, சில்லென்று ஈரமாக இருந்தது. ஒதுங்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவனிடம் ஒரு வாடை... கடல் வாடை இல்லை. தண்ணீர்த் தொட்டியின் அடியில் நாள்பட்டுக் கிடந்த இலையின் வாடை. மாம்பழம் எங்கே என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவன் பேசவே இல்லை. முந்தின நாள் கால் வலிக்கிறது, தூக்கு என்று நச்சரித்தவன். இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி பின்தங்கியே வந்தான். நேற்று அவளைப் பார்த்துக் குரைத்த நாய்கள் சத்தமில்லாமல் தூண்மேல் நிற்கும் வீடுகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு லிஸ்ட்ரா குட் நைட் சொன்னாள். அந்தப் பெண்ணும் "குட்..." என்று ஆரம்பித்தாள். அவன்மேல் பார்வை விழுந்தது. மீதியைச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் லிஸ்ட்ரா வழக்கத்தை மறக்கவில்லை. திரும்பி நின்று, மீனைக் கையில் பிடித்தபடி, பின்பக்கமாக நடந்து உள்ளே போனாள். அதனால் அவள் முகம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டு, அவளுக்கு எதிராக, நேராக நடந்து உள்ளே வந்தான். சின்னப் பையன்தானே, நாளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று விட்டுவிட்டாள். அவன் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டான்.

சமையலறையிலிருந்து அத்தை விளக்கோடு வந்தாள். மீனைப் பார்த்தாள். எரிந்து சிவந்திருந்த மருமகளின் உள்ளங்கையைப் பார்த்தாள். அப்புறம் பலகைத் தரையைப் பார்த்தாள். ஈரப் பாதங்களின் தடம், வாசலிலிருந்து மேசைவரை. கிழவியின் முகத்தில், அத்தனை வருடங்களில் லிஸ்ட்ராவுக்காக வந்த முதல் சிரிப்பு வந்தது.

"நல்லா வளத்திருக்க மகளே. சொல்லிக் குடுக்காமலே பின்பக்கமா நடந்து வந்திருக்கான் பாரு. விரலெல்லாம் வாசலப் பாத்து இருக்கு."

மகளே என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லிஸ்ட்ரா அவ்வளவு தூரம் வந்தது. அவள் கண் கலங்கியது. ஆனால் பொய்ப் பாராட்டு வேண்டாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. இல்லை அத்தை, அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நேராகத்தான் வந்தான் என்றாள்.

அத்தை விளக்கைத் தாழ்த்தித் தரையை இன்னொரு முறை பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் கொக்கோ பொங்கி வழிந்தது. சொய்... யாரும் எடுக்கப் போகவில்லை. கரையில் பிள்ளையை எப்படிக் கூப்பிட்டாய் என்று மெதுவாகக் கேட்டாள். பெயரைச் சொல்லவே இல்லை அத்தை, சத்தியமாக என்றாள் லிஸ்ட்ரா. யாருக்கும் வைக்காத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"யாருக்கும் வைக்காத பேரு..." என்றாள் அத்தை.

அவன் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குள்தானே, பெயர் சொல்லலாம். ஜாரெல் என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. ஜாரெல்... இன்னொரு முறை. மெல்லும் சத்தம் நிற்கவில்லை. லிஸ்ட்ரா கிட்டே போனாள். அவன் தோளில் கை வைத்தாள். மம்மி கூப்பிடுவது காதில் விழவில்லையா ஜாரெல் என்று கேட்டாள்.

அவன் திரும்பினான். அதே முகம். அதே விழுந்த முன்பல். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஏதோ தெரியாமல் கேட்கிறாள் என்பதுபோல அவளைப் பார்த்துச் சொன்னான்.

"ஜாரெல் இன்னும் படகு மேலதான் உக்காந்திருக்கான், மம்மி. நீ அவனக் கூப்பிடவே இல்லையே."