நாற்றம் நின்ற குழி

பாடம் நடத்தப் போகிற இடத்தில் எதையாவது கொட்டிவிடுவது என் வழக்கம். அன்றைக்குக் கொட்டியது பரோட்டாக் கடையின் பழைய எண்ணெய்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல்காட்டு நடுவில் இருக்கிற சின்னக் கழிவுநீர் நிலையம் அது, ஐயா. ஊழியர்கள் ஆறு பேர். கடைகளும் கல்யாண மண்டபங்களும் சாக்கடையில் விடுகிற எண்ணெயும் கொழுப்பும் குழாய்க்குள் எப்படிக் கட்டிதட்டுகின்றன, அதை எப்படித் தடுப்பது என்று சொல்லித்தருவது என் வேலை. வாளியைத் தூக்கிக் காட்டும்போது கை வழுக்கியது. பாதி என் மேல், பாதி மேசையிலிருந்த பாடத்தாள்கள் மேல்.

"அண்ணாச்சி, அப்படியே நில்லுங்க, ரெண்டு வடை சுட்டு எடுத்திருதோம்" என்றார் பம்பு பார்க்கும் மாரிச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் எனக்கு மனசு இளகிவிடும்.

எண்ணெயில் ஊறிய தாள்களில் கடைசித் தாள் விஷவாயு பற்றியது. பார்க்காமலே அதைச் சொல்ல எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகச் சொல்கிறேன். ஆனால் மணி ஒன்றரை. பிரியாணிப் பொட்டலங்கள் வந்துவிட்டன. பசித்த முகங்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

மாரிச்சாமி மட்டும் கேட்டார்: "பம்புக் குழிக்குள்ள கொழுப்பு பாறை கணக்கா கெடக்கு அண்ணாச்சி. நாத்தம் அடிக்கலேன்னா எறங்கலாமா?"

ஆள் இறங்கவே கூடாது என்பது சட்டம். வாயு கூடினால் முதலில் செத்துப்போவது மூக்கு, அப்புறம் நாற்றமே தெரியாது என்பது பாடம். இரண்டும் எனக்குத் தெரியும்.

"நாத்தமே இல்லேன்னா அது குழியா மாரிச்சாமி? உங்க மாமியா வீட்டு அடுப்படில்லா" என்றேன்.

நல்ல சிரிப்பு. அதோடு வகுப்பை முடித்தேன்.

பதினோராம் நாள் காலையில் மாரிச்சாமி கடப்பாரையோடு இறங்கினார். மேலே கயிறு பிடித்து நின்ற வெயிலுமுத்து பிறகு சொன்னது: "மொதல்ல மூக்கப் பொத்துனான் அண்ணாச்சி. பொறவு, 'இப்ப நாத்தமே இல்லடே'ன்னு சந்தோசமாச் சொன்னான்."

கயிற்றை இழுத்து மேலே கொண்டுவந்தபோது மாரிச்சாமிக்கு உயிர் இல்லை.

அன்று மதியமே அந்தக் கடைசித் தாளை மறுபடி அச்செடுத்தேன். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே மாரிச்சாமியின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஏழாவது தடவை சரியாக வந்தது. நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். பயிற்சியில் குறை என்றால் மற்ற ஐந்து பேரின் சான்றிதழும் செல்லாமல் போகும், பிள்ளைகுட்டிக்காரர்கள். இறந்தவருக்கு ஒரு தாளால் என்ன வந்துவிடப்போகிறது?

வந்தது. முதல் விசாரணையில், 'பயிற்சி பெற்றும் விதியை மீறி இறங்கினார்' என்று எழுதினார்கள். அவர் மனைவி ஆவுடைத்தாய்க்குக் கிடைக்கவேண்டிய வாரிசு வேலை நின்றுபோனது.

உறக்கம் போனது என்றெல்லாம் இந்த இரண்டாம் விசாரணையில் உங்களிடம் சொல்லமாட்டேன், ஐயா. நன்றாகத்தான் உறங்கினேன். ஒரேயொரு சந்தேகம். அவர் எதற்காக இறங்கினார்? பொறியாளரிடம் கேட்டேன், "கவனக்குறைவு" என்றார். வெயிலுமுத்துவிடம் கேட்டேன்; "விதி அண்ணாச்சி, வாங்க டீ குடிப்போம்" என்றார். இரண்டு பதிலும் எனக்குப் பிடித்திருந்தன. அந்தத் தைரியத்தில் மூன்றாவதாக ஆவுடைத்தாயிடமே போனேன்.

கையில் ஒரு கிலோ கடலைமிட்டாய். துக்க வீட்டுக்கு இனிப்போடு போகிற ஆள் நான். அவர் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார்.

"ஏம்மா, ஆபத்துன்னு மாரிச்சாமிக்குத் தெரியாதா? எதுக்கு எறங்குனாரு?" என்றேன்.

அவர் சுளகைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னதாலதான் அண்ணாச்சி. எறங்குன அன்னைக்குக் காலைல நான் வாசல்ல மறிச்சேன். 'ஏட்டி, பாடம் எடுத்தவரே ஒண்ணும் செய்யாதுன்னுட்டாரு'ன்னு சொல்லிட்டுப் போனாவ. ஆபீசுல காட்டுன தாள்ல இருக்கதும் அவிய கையெழுத்து இல்ல. இதையெல்லாம் இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கேக்கல. நீங்கதான் கேட்டிருக்கீய."