பச்சை அலகுச் செண்பகம்

சைக்கிளில் போனால் பறவைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. நடந்து வருகிற ஆளைக் கண்டால் எழும்பிப் பறந்துவிடும் மீன்கொத்தி, சைக்கிளில் போகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதை எனக்குச் சொன்னவன் பிரதீபன். நல்ல விஷயங்களைக் கண்டுபிடித்ததெல்லாம் அவன்தான்; அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

நீங்கள் விஜயகலாவுக்காக வழக்காடும் சட்டத்தரணி. அவள் புருஷன் பிரதீபன் கடைசியாக எங்கே போனான் என்று கேட்கிறீர்கள். அவன் காணாமல் போனது 2007இல். இத்தனை நாளும் யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் ரெஜினோல்ட்; யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கர். பிரதீபன் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். அதற்கு முன் வடக்கே வவுனியாவில் படிப்பித்தவன். வயதில் என்னைவிட மிகவும் இளையவன். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோவில் பூசைக்குப் போய் வந்ததும் இருவரும் சைக்கிளை எடுப்போம். பைனாகுலர் என்னுடையது; முன்பிருந்த தோட்டத் தொரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது. காது அவனுடையது. எந்தப் புதருக்குள் எது கத்துகிறது என்று சைக்கிளை நிறுத்தாமலே சொல்வான். பார்த்த பறவைகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தோம். இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் எழுத வேண்டும் என்பது விதி. விதியைப் போட்டவனும் அவனே.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவி தெரேசம்மா செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இருந்ததே அவனால்தான்.

பச்சை அலகுச் செண்பகத்தை மட்டும் நாங்கள் பார்த்ததில்லை. தோட்டத்தில் கண்ட இடமெல்லாம் நடக்கிற செண்பகம் வேறு. இது ஆற்றோரத்து மூங்கில் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, வெறும் பானைக்குள் ஊதுவதுபோலச் சத்தம் மட்டும் கொடுக்கும். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

ஒருமுறை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிரதீபன் தினமும் கஞ்சி கொண்டுவருவான். நான் எழும்பி வரும்வரை மூங்கில் பக்கம் போகமாட்டேன் என்று கட்டிலருகே நின்று சொன்னான். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னது.

சில மாதம் கழித்து மூக்குக்கண்ணாடி மாற்ற மாவனல்லைக்குப் போனேன். புவாட் என்பவரின் ஸ்டூடியோ வாசலில் அந்தச் செண்பகம் இருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். பச்சை அலகு துலக்கமாகத் தெரிந்தது. உங்கள் தோட்டத்து மாஸ்டர்தான் கூட்டிப்போய்க் காட்டினார், நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தீர்களாமே என்றார் புவாட். நல்ல மனிதர். சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

படம் எடுத்ததுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு அந்த மூங்கிலுக்கு முன்னால், என் தோளோடு தோள் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே. ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றை இன்னும் பார்க்காதவன்போல் காத்திருந்தானே. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரதீபனின் வீட்டுக்குப் போய்க் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். “புவாட் நானா ரொம்பக் கேட்டாரு. சொன்னா உங்க மனசு நோகும்னுதான் சொல்லலண்ணே. உங்களுக்கு ஒருதரம் காட்டிட்டு, அப்புறமா சொல்லுவோம்னு இருந்தேன்.”

சரி விடு என்றேன். விஜயகலா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தோம்.

அது வடக்கில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த காலம். ஆற்றுக்குக் கீழே மின்நிலையத்தருகில் ஆர்மி சாவடி போட்டிருந்தார்கள். அதற்கு மேலே உள்ள பாறையில் யாரும் ஏறக்கூடாது. ஒரு சனிக்கிழமை நான் பிரதீபனிடம் போய், பாறைக்குப் பின்னால் இருக்கும் மூங்கிலில் செண்பகம் கத்துகிறது என்றேன். மூங்கில் இருப்பது உண்மை. என் சிங்களம் நல்ல சிங்களம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் சாவடியில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன் என்றதையும் நம்பினான். பைனாகுலரையும் கொப்பியையும் அவனிடமே கொடுத்தேன். பூசை முடிந்ததும் வந்து சேர்வதாகச் சொன்னேன்.

“இந்தத் தடவ உங்களுக்குக் காட்டாம இறங்கமாட்டேண்ணே,” என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. சாவடிக்குப் போனேன். பாறையில் ஒருவன் பைனாகுலரோடு உட்கார்ந்து மின்நிலையத்தைப் பார்த்து ஏதோ எழுதுகிறான், தமிழன், வவுனியாவிலிருந்து வந்தவன் என்று கேள்வி என்றேன். நான் சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

அவனை இறக்கிக் கொண்டுவந்தபோது சட்டை கிழிந்து, உதட்டில் இரத்தம். வாசலில் என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருப்பான்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க. நாங்க குருவி பாக்கத்தான் வர்றோம்னு சொல்லுங்க.”

இவனைத் தெரியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏற்றும்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல ஒரு பார்வை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. முதலில் மறைத்தவன் அவன்.

விஜயகலாவுக்குச் சிங்களம் எழுத வராது. அவளுடைய முறைப்பாடுகளை எல்லாம் எழுதிக் கொடுத்தது நான்தான். முகாம் முகாமாக அவளோடு போயிருக்கிறேன். கடைசியாக அவனைக் கண்டவர் யார் என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதுவேன். அவள் என்னைக் கும்பிடுவாள். வேண்டாம்மா என்பேன்.

இந்த மாசியில் அந்தச் செண்பகத்தைப் பார்த்தேன். மூங்கிலை விட்டு வெளியே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தனியாகப் பார்த்ததை எழுதக்கூடாது. சொன்ன சொல்லை நான் மீறுவதில்லை.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். பிரதீபனைப் பாறைக்கு அனுப்பிப் பிடித்துக்கொடுத்தது நான்தான். அவன் உயிரோடு இருந்து, எங்காவது கண்டால், ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ரெஜினோல்ட் அண்ணன் அவனை மன்னித்துவிட்டார் என்று.