ஒரு சுற்றுச் சின்ன வளையம்

வீட்டிலேயே பின்சக்கர பேரிங் மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, சுத்தியலை எடுத்து உள்ளே வையுங்கள் என்பதுதான். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் வீட்டு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையில் கிடைத்ததை வைத்துத் தட்டி இறக்குகிறவர்கள். பிறகு சக்கரம் உறுமுகிறது என்று பேரிங் விற்றவனைத் திட்டுவார்கள். எனக்கு அந்த அவசரம் ஆகாது. உங்கள் ஆட்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்தது நல்ல கருவிப் பெட்டி, இன்ஸ்பெக்டர் துவான். மழை படாத இடத்தில் வையுங்கள்.

அதைத் தைப்பிங்கில் யாப்பின் உதிரிபாகக் கடையில் வாங்கினேன். நீளமான திருகுத் தண்டு, அதில் மாட்டப் பல அளவில் வளையங்கள். பழைய பேரிங்கை வெளியே தள்ளவும் புதியதை உள்ளே அழுத்தவும் அது ஒன்றே போதும். கூடவே நடு நட்டைக் கழற்ற நீளக் கைப்பிடி, பூட்டுவளையத்தை எடுக்கும் குறடு, காரைத் தாங்க இரும்புக் கால்கள். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் முட்டாள். இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரையும் கையில் எடுத்தபோது யாப் சிரித்துவிட்டான்.

"என்னா லொக்மான், பட்டறை வைக்கப் போறியா? பொண்டாட்டி காருக்கு எவன்லா இவ்ளோ பண்ணுவான்? எங்க வீட்டுக்காரி காதுல விழுந்தா எனக்குச் சோறு கிடைக்காது."

"மலைப் பாதையில தனியாப் போறா. பார்த்துத்தானே செய்யணும்," என்றேன்.

அது பொய்யில்லை. என் மனைவி மஸ்தூரா கிளந்தான் மாநிலத்துக்காரி, என்னை அபாங் என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மா வீடு பாசிர் பூத்தேயில் இருக்கிறது. ஹரிராயாப் பெருநாள்தோறும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். மகள் இஸ்ஸாத்தி ஈப்போவில் வேலை கிடைத்துப் போனபிறகு, வீட்டில் பொழுது போகவில்லை என்று மஸ்தூரா லைசென்ஸ் எடுத்தாள், பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். முதலில் எப்போதாவது, அப்புறம் அடிக்கடி, கெரிக் மலையைத் தாண்டித் தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். திரும்பி வந்தால் பின்சீட்டு முழுக்க மீன்சாறு பாட்டில்கள், நாக்கில் அந்த ஊர்ப் பேச்சு.

"ரோட்டோரமா யானை நின்னுச்சு அபாங். அது போற வரைக்கும் காரை நிறுத்திட்டுப் பாட்டு கேட்டுட்டு இருந்தேன்," என்பாள், எனக்கு ஆறிய சோற்றைப் போட்டுக்கொண்டே.

நான் கோபக்காரன் இல்லை. சோற்றைச் சாப்பிட்டு எழுந்தேன்.

முதல் தடவை பேரிங் தானாகத்தான் தேய்ந்தது. முறையாக மாற்றினேன். புதிய பேரிங்கை அழுத்தும்போது பாரம் அதன் வெளிவளையத்தில்தான் விழவேண்டும், அதற்குப் பெட்டியிலிருந்து சரியான அளவு வளையத்தை எடுக்கவேண்டும். ஒரு சுற்றுச் சின்னதை வைத்தால் பாரம் உள்வளையத்தில் ஏறி, நடுவில் இருக்கும் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். வெளியே தெரியாது, சக்கரமும் சுற்றும். கொஞ்ச நாளில் உறும ஆரம்பிக்கும். அன்று நான் சரியானதைத்தான் வைத்தேன். மஸ்தூரா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என் எண்ணெய்க் கையைப் பிடித்து முத்தமிட்டாள். மறுநாளே கிளந்தான் போனாள். ஒரு வாரம் தங்கிவிட்டாள்.

அவள் திரும்பியதும், ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் போகும், அதையும் மாற்றிவிடுகிறேன் என்றேன். நியாயமான பேச்சுதான். அந்தப் பக்கத்துக்குச் சின்ன வளையத்தை எடுத்தேன். ஆனால் நட்டை அளவு பார்த்துத்தான் இறுக்கினேன், அதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. எனக்குச் சத்தம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

சத்தம் வந்தது.

"அபாங், மறுபடியும் உறுமுது. பயமா இருக்கு."

"பழைய கார். மலை ஏறாதே. சந்தைக்குப் போ, கடைக்குப் போ, யார் வேணாங்குறா?"

கேட்டுக்கொண்டாள். தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, எனக்கும் அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த விடுமுறையில் நல்ல பேரிங் வாங்கி, சரியான வளையத்தை வைத்து மாற்றிக் கொடுத்தேன். சிரித்தாள். அலமாரியிலிருந்து பயணப் பை வெளியே வந்தபோது நான் மறுபடி பெட்டியைத் திறந்து சின்ன வளையத்தை எடுத்தேன். இப்படியே நடந்தது. "பேரிங்கை ஊறுகாய் போடுறியா லொக்மான்?" என்று யாப் கேலி செய்வான்.

மனிதர்களுக்கு எதுவும் பழகிப்போகும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. "இந்தச் சத்தத்தை எத்தனை தடவை கேட்டாச்சு, ஒண்ணும் ஆகல. அதான் நீங்க பார்த்துப் பார்த்துச் செய்றீங்களே," என்று ஒருநாள் சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

பிறகு ஒரு காலையில் அவள் தங்கை போன் செய்தாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மஸ்தூரா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாவியோடு வந்தாள். அப்போது சக்கரத்தில் இருந்த பேரிங் அதுவரை இருந்ததிலேயே மோசமானது. எனக்குத் தெரியும்.

"போகாதே," என்றேன்.

"அம்மா கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும் அபாங். விடுங்க."

என் கார் பக்கத்திலேயே நின்றது. நல்ல நிலையில் இருந்தது. வா, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் காரில் ஏறினால் அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். கெரிக் வரை போய், சத்தம் தாங்காமல் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மதியத்துக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் சோறு வைத்தேன்.

மலை இறக்கத்தில் சக்கரம் பிடித்துக்கொண்டது. எதிரே மரலாரி. அவள் உடலை வெளியே எடுக்கும்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். மாமியார் பிழைத்துக்கொண்டார். பேச்சுதான் வரவில்லை, கார் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கிறாராம்.

உங்கள் சோதனைக்காரர் பேரிங்கைப் பிரித்து, தடத்தில் பள்ளம் இருக்கிறது, கை தவறி வந்ததில்லை என்று சொன்னாராம். அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. நான்தான் செய்தேன், துவான். தெரிந்தே செய்தேன், ஒவ்வொரு தடவையும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. இஸ்ஸாத்தி வேலையை விட்டுவிட்டுப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளக் கிளந்தானுக்கே போகிறேன் என்கிறாள். அவளும் காரில்தான் போகிறாளாம், அதே பாதையில், தனியாக. "போறதுக்கு முன்னாடி சக்கரத்தையெல்லாம் நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்கப்பா," என்று என்னிடம் சாவியைக் கொடுத்திருக்கிறாள். அதனால் நான் சொன்னதையெல்லாம் இப்போதைக்கு அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் காரை என்னிடம் விடமாட்டாள். அவளுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.