துவைக்காத சட்டை

அட, ஷூவக் கழட்ட வேண்டாம் தம்பி. கால்மிதியில நல்லா அழுத்தித் தொடச்சீங்களே, நான் ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன், அது போதும். இந்த மழையில இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. உக்காருங்க. அதுல வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க, இது எங்க வீட்டுக்காரரு உக்கார்ற நாற்காலி. ஏன் யோசிக்கிறீங்க? போன மனுஷன் எழுந்து வந்து எடத்தக் கேக்கப் போறாரா என்ன?

ஃபுட்பால் கிளப்புல இருந்து வர்ற மூணாவது ஆள் நீங்க. மொதல்ல புது மேனேஜர் வந்தாரு. பாவம், வெளியூர்க்காரரு, ஒண்ணும் தெரியாது. அப்புறம் டீம் கேப்டன், சின்னப் பையன், பூங்கொத்தோட வந்தான். ரெண்டு பேருகிட்டயும் ஒரே பதில்தான் சொன்னேன். ரசிகர் சங்கத் தலைவர் வரட்டும், அவர்கிட்ட பேசிக்கறேன்னேன். ஏன்னு கேக்கறீங்களா? இருங்க, அதுக்கு என்ன அவசரம்.

அழைப்பிதழ் நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. மூடிக் கிடந்த கிளப்பு திரும்ப வருது, ஞாயித்துக்கிழமை மொத ஆட்டம். கோலுக்குப் பின்னாடி இருக்கற கேலரிக்கு எங்க வீட்டுக்காரர் பேரு. முன் ஹால்ல கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள கடைசி ஆட்டத்துல கோல்கீப்பரா நின்னப்ப அவர் போட்டிருந்த பச்சைச் சட்டை. நான் வந்து ரிப்பன் வெட்டணும். கேக்கவே குளுகுளுன்னு இருக்கு.

ஊரப் பாத்தேன் தம்பி. அவரத் தலையில தூக்கி வச்சு ஆடுது. பேக்கரிக்காரர் கடைக்கே கிளப்பு கலரு அடிச்சுட்டாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் சுவத்துல அவர் முகத்தப் பெருசா வரைஞ்சிருக்காங்க. மூக்கு கொஞ்சம் நீண்டு போச்சு, மத்தபடி குறை சொல்ல முடியாது. ஆனா அது எந்தச் சுவருன்னு தெரியுதா? விலை போனவன்னு தார்ல எழுதினாங்களே, அதே சுவரு. அதுக்கு மேலயே பெயிண்ட அடிச்சு வரைஞ்சுட்டாங்க. கன்னத்துக்கிட்ட உத்துப் பாத்தா தார் இன்னும் தெரியுது.

நான் எதையும் மறக்கல. அந்தக் கடைசி ஆட்டத்த டிரா பண்ணினாப் போதும், கிளப்பு கீழ எறங்காம பெரிய பிரிவுலயே நின்னுடும். ஆட்டம் முடியப் போற நேரம். எதிர் டீம்காரன் அடிச்ச ஒரு மெதுவான பந்து, உருண்டு வந்து இவர் காலுக்கு நடுவுல போயிடுச்சு. கொழந்த கூடப் பிடிச்சிருக்கும்னாங்க. கிளப்பு முதலாளி அடுத்த நாளே பேட்டி குடுத்தாரு, கீப்பர் காசு வாங்கிக்கிட்டு ஆட்டத்த வித்துட்டான்னு. அதையே சாக்கா வச்சு கிளப்ப இழுத்து மூடினாரு. நஷ்டத்துல கெடந்த கிளப்பு, எப்படா மூடலாம்னு காத்துக்கிட்டு இருந்த மனுஷன் அவரு. அவர் சொன்னது பொய்னு இப்பத்தான் வெளிச்சமாச்சாம், ஆனா அன்னைக்கு ஊரு அவர ஒரு வார்த்த கேக்கல. நாக்கு மேல பல்லப் போட்டு எங்க வீட்டத்தான் பேசுச்சு. கறிக்கடையில என்னப் பாத்தா, எல்லாருக்கும் குடுத்துட்டு கடைசியா கத்தியத் தொடச்சு வச்சுடுவான். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல பெஞ்சுல தனியா உக்காந்தா. இப்ப அவ தூர தேசத்துல இருக்கா, இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டா.

இவருக்கு மீன் பெட்டி அடுக்கற குளிர் கிடங்குலதான் வேலை கெடைச்சுது. அங்கயும் கையுறைதான் போடணும். பாத்தியா, தொழில் மாறலன்னு சிரிப்பாரு. அந்தக் கிடங்குலயே நெஞ்சு அடைச்சு விழுந்தாரு. எடுக்கறப்ப யார் வந்தா தெரியுமா? கூட வேலை பாத்தவங்க வந்தாங்க. அப்புறம் அந்த கோல அடிச்சான்ல, அவன் வந்தான். ஆமா, எதிர் டீம்காரன்! ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்கான். உங்க ஊருக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. எனக்கு வயிறு எரியாதா சொல்லுங்க.

அவன்தான் சொன்னான். அண்ணி, அன்னைக்குப் புகையில எனக்கு கோல் கம்பமே தெரியல, குத்துமதிப்பா தட்டிவிட்டேன், அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு அழுதான்.

தண்ணி வேணுமா? குடிங்க. ஏன் வாசலையே பாக்கறீங்க, மழை இன்னும் விடல.

இந்த கீப்பருங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு தம்பி. ஜெயிச்சா சட்டையத் துவைக்க விடமாட்டாங்க, நாத்தம் அடிச்சாலும் அடுத்த ஆட்டத்துக்கு அதேதான். தோத்தா அன்னைக்கே துவைச்சுப் போட்டுடணும். கல்யாணம் ஆன புதுசுல தெரியாம ஒரு ஜெயிச்ச சட்டையத் துவைச்சுட்டேன், மூணு வேளை எங்கிட்ட பேசல. அதனால அந்தக் கடைசி ஆட்டம் முடிஞ்சு வந்தப்ப நானே வாளியில தண்ணி பிடிச்சு வச்சேன். துவைக்காதடி, நான் தோக்கலன்னாரு. சேறும் எச்சிலுமா இருந்த சட்டைய அப்படியே மடிச்சுப் பெட்டியில வச்சாரு.

என்ன நடந்துச்சுன்னு சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் சொன்னாரு. டிராதான், தப்பிச்சோம்னு கேலரியில ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்களாம். கம்பி வேலி மேல மெகாபோனோட நின்ன பையன், கலர்ப் புகை வர்ற குழாயப் பத்த வச்சு உள்ள வீசினான். ஏற்கெனவே அந்தப் பக்கம் பூரா புகை, அது நேரா இவர் தோள்ல வந்து விழுந்தது யார் கண்ணுக்கும் படல. தட்டிவிட்டுக் கண்ணத் தொறக்கறதுக்குள்ள பந்து உள்ள. சொல்லித் தொலைய வேண்டியதுதானேன்னேன். சொன்னா நம்ம ரசிகரு வீசினான்னு கிளப்புக்குத் தடை போட்டுடுவாங்க, அந்தப் பையன் ஜெயிலுக்குப் போவான், வேணாம்னாரு. கிளப்பு எப்படியும் மூடிடுச்சு. அதுக்கப்புறமும் வாயத் தொறக்கல. பையனாச்சும் பொழைக்கட்டும்னுட்டாரு. எனக்கு அந்த நல்ல மனசெல்லாம் கெடையாது தம்பி.

அந்தப் பையன், முதலாளி பேட்டி வந்த அன்னைக்கு சாயங்காலமே இந்த வாசல்ல வந்து, அதே மெகாபோன்ல விலை போனவனே வெளிய வாடான்னு கத்தினான். கல்லு வேற வந்துச்சு. அந்தக் குரல் என் காத விட்டுப் போகவே இல்ல. கொஞ்சம் முன்னாடி வாசல்ல நின்னு, அம்மா, அய்யாவோட சட்டையக் கேட்டு வந்திருக்கேன்னீங்களே, இப்ப கொஞ்சம் கம்மிப் போயிருக்கு. வயசாகுதுல்ல.

ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க. மன்னிப்பெல்லாம் அவர்கிட்ட கேட்டிருக்கணும், எங்கிட்ட அது ஸ்டாக்கு இல்ல. சட்டையத் தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே.

அலமாரியப் பாக்காதீங்க, அதுல இல்ல. கிளப்பு திரும்ப வருதுன்னு பேப்பர்ல பாத்த அன்னைக்கே வெளிய எடுத்துட்டேன். கேட்டு வருவீங்கன்னு தெரியும். மொத நாள் மனசு கேக்கல, மடியில வச்சுக்கிட்டு அழுதேன். அப்புறம் யோசிச்சேன், இத்தன வருஷமா அவர மிதிச்சீங்க, ஒருத்தர் கால் தடமாச்சும் எங்கயாச்சும் விழுந்திருக்கான்னு. அதான் காலர உள்ள மடிச்சு, நாலா மடிச்சு வாசல்ல போட்டேன்.

ஆமா, அந்தக் கால்மிதிதான். நீங்க நல்லா அழுத்தித் தொடச்சீங்களே.

எடுத்துட்டுப் போங்க. வலது தோள விரிச்சுப் பாருங்க, பொசுங்கின ஓட்டை இருக்கும், அதுவும் உங்களோடதுதான். கண்ணாடிப் பெட்டியில அந்தப் பக்கம் தெரியற மாதிரி வைங்க. துவைக்க மட்டும் வேண்டாம். அவர் தோக்கல.